ஆடியில் ஒரு வெள்ளைக் கல்யாணம்

கோட்டூர்புரம்
22.6.2025

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போடு. ஹாஸ்டல் அலமாரியில் துணிக்கு அடியில் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்துகிறவள் நீ.

எல்லோரும் தூங்கின பிறகு சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம் இருக்கிறது. யாராவது எழுந்து வந்தால் தாளை அதற்குள் வைத்துக்கொள்வேன்.

நீ ஜெரோமைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போன மறுநாளே அப்பா அம்மாவுடைய போனிலிருந்து உன் நம்பரை அழித்துவிட்டார். சாப்பிட்டதும் போனை வாங்கி யார் யார் பேசினார்கள் என்று பார்க்கிறார். என்னை அவரே ஆட்டோவில் ஸ்கூலில் விட்டு அவரே கூட்டி வருகிறார். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். நான் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் எனக்கு வியர்க்கிறது.

என் சிநேகிதி ஜோயா வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று நினைக்காதே. அங்கே இருக்கிற ஒரே போன் அவள் அண்ணன் காஷிஃபிடம். அவரும் அப்பாவும் ஒரே ஸ்டாண்டில் ஆட்டோ போடுகிறார்கள். அதனால் கடிதம்தான். ஜோயா பேருக்கு, அவள் வீட்டு விலாசத்துக்கு எழுது. அவள் வகுப்பில் கொண்டுவந்து தருவாள். அவள் அம்மா நஸ்ருன்னிசா ஆன்ட்டிக்கு மட்டும் தெரியும்.

அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்று நீ கேட்கவில்லை. அதற்குள் படியிறங்கிப் போய்விட்டாய். சொல்கிறேன். "எவளாவது அவகிட்ட பேசினான்னு தெரிஞ்சுது, சின்னதோட படிப்பு அன்னியோட காலி. டிசி வாங்கிக்கினு வந்து கதிரேசனுக்குக் கட்டி வெச்சிடுவேன்." கதிரேசன் மாமாவுக்கு! அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதையே என்னால் பார்க்க முடியாது. ப்ளஸ் டூ இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அக்கா.

கல்யாணம் நிஜமாகவே நடக்கப்போகிறதா? எப்போது? அம்மா கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நீ வேலைக்குப் போகிற தி.நகர் பஸ் வந்தால் அதன் நம்பரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

கோதை


மயிலாப்பூர்
28.6.2025

கோதைக்குட்டி,

கிழிக்கவில்லை. திட்டாதே. என் ரூம்மேட் வைதேகியின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

நடக்கப்போகிறது. ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை பத்தரைக்கு, சாந்தோமில் ஜெரோம் வீட்டார் போகிற மாதா கோயிலில். நான் மதம் மாறவில்லை, அதை முதலில் அம்மாவிடம் சொல். பிஷப்பிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அப்படியே கட்டிக்கொள்ளலாம்.

"ஆடியிலா?" என்று நீ வாயைப் பொத்திக்கொள்வது எனக்குத் தெரிகிறது. ஆடி என்பதால்தான். வேறு மாதத்தில், விருந்துக்குப் பிடித்திருக்கிற மயிலாப்பூர் மண்டபத்தின் வாசலில்கூட நம்மால் நிற்க முடியாது. மேனேஜர் சொன்னார், "ஆடியில பூட்டித்தாம்மா கெடக்கும். பாதி வாடகை குடு, ஃபேன் சுத்தட்டும்." சமையல்காரர் சும்மா இருக்கிறார், போட்டோகிராபர் சும்மா இருக்கிறார். பூ மட்டும்தான் ஆடி வெள்ளிக்கிழமைகளில் விலை ஏறும், நம்முடையது சனிக்கிழமை. அம்மன் கோயில்களுக்கு வாங்கியது போக மீதி சம்பங்கி மலிவாகக் கிடைக்கும். மேடைக்குச் சம்பங்கியும் வெள்ளை ரோஜாவும் மட்டும். வளைவு கிடையாது, கட்அவுட் கிடையாது, மேளம் கிடையாது. எண்பது பேருக்குச் சாப்பாடு, சின்னதாக ஒரு கேக்.

புடவை கேட்டால் சிரிப்பாய். நான் வேலை செய்கிற ஜவுளிக்கடையில் ஒரு வெள்ளைப் பட்டு இரண்டு வருடமாக விற்கவே இல்லை. மாவு வெள்ளை இல்லை, பால் காய்ந்து ஆடை கட்டுமே, அந்த நிறம். மேனேஜர் அதைச் 'செத்த ஸ்டாக்' என்பார். தினமும் காலையில் மடித்து வைப்பவள் நான்தான். ஆடித் தள்ளுபடி, அதற்கு மேல் ஸ்டாஃப் தள்ளுபடி, அதற்கு மேல் செத்த ஸ்டாக் தள்ளுபடி. "யாருக்கும்மா இது?" என்றார். எனக்குத்தான் என்றேன். பில் போடுகிற பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஏன் வெள்ளை என்று நீயும் கேட்பாய். போன வருடம் ஜெரோமின் தங்கை கல்யாணத்துக்குப் போனேன். நம் ஹவுசிங் போர்டில் எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறோம்! மைக் செட், பந்தியில் சண்டை, யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு கிளம்புவது. அங்கே அந்தப் பெண் வெள்ளைப் புடவையில் நடந்து வந்தபோது அவள் கொலுசு சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. எனக்கு அது வேண்டும். செலவு வைக்காத ஆசைதான்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல். என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் அக்கா
அன்பு


கோட்டூர்புரம்
6.7.2025

அக்கா,

கிரைண்டர் ஓடும்போது சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே. அம்மா மாவைத் தள்ளுகிற கையை நிறுத்தவே இல்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

"ஆடியில கண்ணாலம். அதுலயும் வெள்ளப் பொடவ. ரெண்டுல ஒண்ணு இருந்தாக்கூட மனச தேத்திக்கலாம்."

பிறகு, "தாலி கட்டுற நேரத்துல வெள்ள கட்டினு நிப்பாளா? அதை நான் பாக்கணுமா? பாக்க வுட மாட்டாரு, அது வேற."

பிறகு கிரைண்டரை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு நூலு செவப்பு வெக்கச் சொல்லு. வெளிய தெரிய வேணாம். உள்ள எங்கனா இருந்தா போதும்." நான் பயந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆனால் அப்பா விஷயம் வேறு. அவருக்குத் தேதி தெரியாது. தெரியாமலே நேற்று டிவி பார்த்துக்கொண்டே சொன்னார், "எந்த சர்ச்சுன்னு மட்டும் தெரியட்டும். தாலி கட்டுற நேரத்துல போய் நட்டநடுவுல நிப்பேன்." விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. உன் கடிதத்தை ஜோயாவோடு பாத்ரூமில் நின்று படித்தேன். பூ, புடவை, கேக். நீ சந்தோஷமாக இருக்கிறாய். எனக்கு இங்கே ஆட்டோ கண்ணாடி. நீ போகும்போது என்னைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தாயா என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. கேட்கவில்லை. எழுதினதை அடிக்கவும் மனசு வரவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் வரலாமா? ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு?

கோதை


மயிலாப்பூர்
12.7.2025

கோதை,

நீ வரக் கூடாது. உன்னைப் பற்றி யோசித்ததால்தான் சொல்கிறேன். யூனிஃபார்மோடு நீ சாந்தோமில் இறங்குவதை ஸ்டாண்டு ஆள் ஒருத்தர் பார்த்தால் போதும். உன் டிசி மேல் நடந்து போய் நான் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன். கோபம் வந்தால் திட்டு. ஆனால் வராதே.

அன்றைக்கு உன்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

அம்மாவிடம் சொல், ரவிக்கையின் உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, சிவப்பு நூல் இருக்கும். ஜோயாவின் அம்மாதான் ஆரி வேலை செய்கிறார்கள். வெள்ளையின் மேல் வெள்ளையாகவே சின்னச் சின்ன மல்லிகை மொட்டு. கடைக்கு வந்து துணியை வாங்கிப் போனபோது கூலி கேட்டதற்கு, "முதல்ல கல்யாணத்த முடி, அப்பால வாங்கிக்கிறேன்" என்றார்கள்.

அப்பா வருவாரோ என்று நீ பயப்பட வேண்டாம். ஆகஸ்ட் 9ஐ மண்டபத்துக்காக மட்டும் நான் பிடிக்கவில்லை. நம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பது மறுநாள், 10ஆம் தேதி. அதற்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமையே காப்புக் கட்டிவிடுவார்கள். கையில் மஞ்சள் நூல் ஏறிவிட்டால் கூழ் வார்த்து முடிகிற வரை எல்லை தாண்டக் கூடாது. நமக்கு எல்லை ஆறுதானே. சாந்தோமுக்கு எந்தப் பக்கமாக வந்தாலும் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும்.

அப்பா ஒரு வருடம்கூடக் காப்பு கட்டாமல் இருந்ததில்லை. எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, உனக்கு அப்போது சின்ன வயசு. காப்பு கட்டியாச்சு என்று அவர் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். அம்மாதான் தனியாகப் போக வர இருந்தாள். எனக்கு வராதவர் என் கல்யாணத்தை நிறுத்தவா வரப்போகிறார்? அம்மன் அவரைப் பிடித்து வைத்துக்கொள்வாள்.

ஃபாதர் ஒரு கேள்வி கேட்டார். பெண்ணை யார் கைபிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்து வருவது? அவர்கள் வழக்கத்தில் அப்பாதானாம். தனியாக நடந்து வருகிறேன் என்றேன். "ஜெரோம் வீட்டுப் பெரியவர் யாராவது?" என்றார். வேண்டாம் என்றேன். வேறொருவர் கையைப் பிடித்து நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்பு


கோட்டூர்புரம்
22.7.2025

அக்கா,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

நானோ அம்மாவோ ஜோயாவோ சொல்லவில்லை. உங்கள் கோயிலில் ஏதோ ஓலை வாசிக்கிறார்களாமே? ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவின் பழைய சவாரி ஒருவர், மந்தைவெளி டீச்சர், வண்டியில் ஏறினதும் கேட்டிருக்கிறார், "பஞ்சாட்சரம், உங்க பொண்ணா அன்புச்செல்வி? இன்னிக்குப் பூசையில ஓலை வாசிச்சாங்களே. உங்க பேரு, உங்க வீட்டம்மா பேரு எல்லாம் சொன்னாங்க. ஏதாவது தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லலாம்னு மூணு ஞாயிறு வாசிப்பாங்க. சந்தோஷங்க." தேதியையும் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அப்பாவே அம்மாவிடம் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். "எம்பேர மைக்ல சொல்லிக்கிறாங்க," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உம்பேரும்தான்." அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், அது தட்டைத் தாண்டிப் பாயில் ஓடியது. அதற்கும் கத்தவில்லை.

தடை இருந்தால் சொல்லலாம் என்றால், அப்பா போய்ச் சொல்லிவிடுவாரா? சொன்னால் நிறுத்திவிடுவார்களா? ஏன் அப்பா அம்மா பேரை வாசிக்கச் சொன்னாய்? இன்று காலை ஸ்கூல் போகும்போது கண்ணாடியில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

கோதை


மயிலாப்பூர்
26.7.2025

கோதை,

பேரை நான் வாசிக்கச் சொல்லவில்லை. அப்பா அம்மா பேர் இல்லாமல் ஓலை வாசிக்க மாட்டார்களாம். எனக்கும் அது பின்னால்தான் தெரியும். முதல் ஞாயிறு அந்தப் பேர் காதில் விழுந்தபோது ஜெரோம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். எனக்கு இருபத்து நான்கு வயசு. அப்பாவின் கோபமெல்லாம் தடையில் சேராது. முன்பே கல்யாணம் ஆனவளா, கட்டாயமா, இப்படித்தான் பார்ப்பார்களாம். இதை நீ பத்து தடவை சொல்லிக்கொள். நானும் சொல்லிக்கொள்கிறேன்.

ரவிக்கை வந்து சேர்ந்தது. சிவப்பு நூலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன், கை மட்டும் கொஞ்சம் தளர்வு. இந்த மாதம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

காப்பு மட்டும் கட்டிவிடட்டும். கட்டின அன்றே ஒரு வரி எழுதிப் போடு. 'கட்டியாச்சு' என்று மட்டும் எழுதினால் போதும்.

அன்பு


கோட்டூர்புரம்
2.8.2025

அக்கா,

கட்டவில்லை.

நேற்று கோயில் முன்னால் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் அம்மாவும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். விழாவை எடுத்து நடத்துகிற பாலு அண்ணன் மஞ்சள் நூலோடு அப்பாவிடம் வந்தார்.

"இன்னா பஞ்சு மாமா, கைய நீட்டு."

"இந்த வருசம் வேணாம் பாலு."

"ஏன் மாமா, வூட்ல தீட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேல கீது."

"காப்பு கட்டினு பாக்க முடியாத வேல இன்னா மாமா வேல?"

"ஆத்துக்கு அந்தாண்ட கீது. நீ அடுத்தவனுக்குக் கட்டு."

பம்பை அடிப்பவர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். அம்மா என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது. அத்தனை பேர் எதிரில் எழுந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, அவர் வரப்போகிறார். எனக்கு நன்றாகத் தெரிகிறது. அதற்காகத்தான் கையைக் காலியாக வைத்திருக்கிறார். அம்மனுக்கே இல்லை என்று சொன்னவர் உன் ஃபாதர் பேச்சையா கேட்பார்? இன்று ரங்கநாதன் தெருவிலிருந்து ஒரு புது வெள்ளைச் சட்டை வாங்கி வந்திருக்கிறார். நம் அப்பா எப்போது வெள்ளைச் சட்டை போட்டார்? கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் உள்ளே நுழைவதற்காகத்தான்.

தேதியை மாற்ற முடியுமா? முடியாது என்றால் கேட்டில் யாரையாவது நிறுத்து. பலமான ஆளாக நிறுத்து. தயவுசெய்து.

கோதை


மயிலாப்பூர்
6.8.2025

கோதை,

தேதியை மாற்ற முடியாது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது, ஆவணி பிறந்தால் அந்த விலைக்கு யார் தருவார்கள்? என்னால் இன்னொரு தடவை இத்தனையும் சேர்க்க முடியாது.

கேட்டில் ஜெரோமின் சித்தப்பா பையன்கள் இரண்டு பேர் நிற்பார்கள். ஜெரோம் வேண்டாம் என்றான். "அப்பா வந்தா வரட்டும், பேசிக்கலாம்," என்றான். அவனுக்கு நம் அப்பாவைத் தெரியாது. நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். அடையாளம் கேட்டார்கள். கறுப்பு, ஒல்லி, நரைத்த மீசை, இடது புருவத்தில் தழும்பு, வெள்ளைச் சட்டை என்றேன். சொல்லி முடித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் கொடுத்த மாதிரி இருந்தது.

"அடிக்கக் கூடாது, தொடக் கூடாது, உள்ளே மட்டும் விடாதீர்கள்," என்றேன்.

நீ அன்று வீட்டிலேயே இரு. அம்மாவை விட்டு நகராதே. முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்பு


சாந்தோம்
10.8.2025

கோதைக்குட்டி,

நடந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தது.

தனியாகத்தான் நடந்தேன். கோயில் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதை அங்கேயே வைத்திருந்தேன். கொலுசு சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. தாலி கட்டும்போதும் வாசல் பக்கம்தான் பார்த்தேனாம், எல்லா போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறேன். போட்டோகிராபர் அலுத்துக்கொண்டார், "ஆடியில கெடச்ச ஒரே கல்யாணம் மேடம், கொஞ்சம் கேமராவப் பாருங்க."

சம்பங்கி நீ நினைத்ததைவிட அழகு. எண்பது பேர் என்றால் எண்பது பேர், சாப்பாடு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. வைதேகி இரண்டு தடவை கேக் வாங்கிச் சாப்பிட்டாள்.

நீ எழுதினது சரி. அப்பா வந்தார். பையன்கள் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னார்கள். "வந்தாரு அக்கா, விடல. சண்டை எதுவும் போடல, போய்ட்டாரு," என்றார்கள். அப்படி ஒரு நிம்மதி எனக்கு. நீ சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்! நீதான் என் கல்யாணத்தைக் காப்பாற்றினாய்.

வீட்டுக்குப் போய் உங்களை ஏதாவது செய்தாரா? உடனே எழுது. இனி இந்த விலாசம்.

அன்பு


கோட்டூர்புரம்
12.8.2025

அக்கா,

இதை ஜோயாவே நேரில் கொண்டுவந்து தருவாள். தபாலில் போட எனக்குப் பொறுமை இல்லை.

நான் காப்பாற்றவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா முகம் மழித்து, அந்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். அம்மா வாசலில் குறுக்கே போய் நின்றாள். "ஒயுங்கா தள்ளி நில்லு பாஞ்சாலி, சட்ட கசங்கிடப் போவுது," என்று சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போனார். தன் ஆட்டோவை எடுக்கவில்லை. நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்கு முன்னாலே திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் கூழ் வார்க்கிற இடத்துக்கும் வரவில்லை. எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுதான் ஜோயா சொன்னாள். அவளுக்கு காஷிஃப் அண்ணன் சொன்னாராம். அப்பா போனது காஷிஃப் அண்ணனின் வண்டியில். "எனக்குக் கை நடுங்குது, நீ ஓட்டு" என்று பின்னால் உட்கார்ந்தாராம்.

அதற்கு முன் வாரமே ஸ்டாண்டில் கேட்டிருக்கிறார், "அவங்க கோயில்ல அப்பங்காரன்தான் பொண்ணக் கையப் புடிச்சு இட்டுனு போவணுமாமே, மெய்யா?" மந்தைவெளி டீச்சர் சொன்னாராம். காஷிஃப் அண்ணன், "எனக்கு எப்டி தெரியும் மாமா, நான் மசூதிக்குப் போறவன்," என்றிருக்கிறார். பிறகு இரண்டு பேரும் போனில் ஏதோ ஒரு சர்ச் கல்யாண வீடியோ பார்த்தார்களாம். "இடது கையா, வலது கையா, நிறுத்திக் காட்டு," என்று அப்பா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாராம். அந்த வீடியோவில் அந்த அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

அக்கா, காப்பு கட்டாதது அதற்குத்தான்.

கேட்டில் நடந்ததை காஷிஃப் அண்ணன் வண்டியிலிருந்தே பார்த்திருக்கிறார்.

"அங்கிள், நீங்க யாரு?"

"பொண்ணோட அப்பா."

"அப்டின்னா விட முடியாது அங்கிள்."

"ஏம்ப்பா, நான்தான் அப்பா."

"அதான் அங்கிள். அப்பாவதான் விடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க."

"யாரு சொன்னது?"

"பொண்ணுதான்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டாராம், அந்தப் பையன்களை. உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அது முடிகிற வரை நடைபாதையில் நின்றுவிட்டு வண்டியில் ஏறினாராம். திரும்பி வரும் வழியில் ஒரே வார்த்தைதான். "பொண்ணு உஷாராத்தான் கீது. நல்லதுதான்."

கேட்டில் ஆளை நிறுத்து என்று எழுதினவள் நான். நீ என்னைத் திட்டு. திட்டாமல் இருந்தால் எனக்குத் தூக்கமே வராது.

கோதை


சாந்தோம்
13.8.2025

கோதை,

ஜோயா வாசலில் நிற்கிறாள், அவளைப் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

உன்னைத் திட்ட என்ன இருக்கிறது? நீ பார்த்ததை எழுதினாய். தழும்பு வரைக்கும் அடையாளம் சொன்னவள் நான். ஜெரோம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காதவள் நான். அவன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

நான் அங்கே வரட்டுமா? வந்தால் அப்பா கதவைத் திறப்பாரா? அம்மாவைக் கேட்டு எழுது. என்னால் வேறு எதுவும் எழுத முடியவில்லை.

அன்பு


கோட்டூர்புரம்
14.8.2025

அக்கா,

நீ வர வேண்டாம். அப்பா வருகிறார். இதையும் இன்றைக்கே ஜோயா கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று ராத்திரி உன் கடிதத்தை அம்மாவிடம் மெல்லப் படித்துக் காட்டினேன். அப்பா விழித்திருந்தது எங்களுக்குத் தெரியாது. பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். கடிதத்தைக் கேட்பார், கிழிப்பார், என் டிசியைப் பற்றிப் பேசுவார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஆடி எப்போ முடியுது?"

"சனிக்கெழம."

"ஆடியில புதுப்பொண்ணு மாமியார் வூட்ல இருக்கலாமா? கட்டிக் குடுத்தவங்க போய் இட்டுனு வர வேணாம்? அவங்களுக்குத்தான் தெரியாது, உனக்குமா தெரியாது?"

"நம்மளா கட்டிக் குடுத்தோம்?" என்றாள் அம்மா. அவ்வளவு தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"எம்பேரச் சொல்லித்தானே மைக்ல வாசிச்சாங்க," என்றார் அப்பா. "அவள மட்டும் இட்டுனு வரேன். அந்தப் பையன் ஆடி கழிச்சு வந்து கூப்ட்டுக்கட்டும். அதான் மொற."

கோபமாகத்தான் சொன்னார். முகம் சிரிக்கவில்லை. அம்மா விடியும் முன்பே கடலைப்பருப்பை ஊறப் போட்டுவிட்டாள். ஆனால் என்னிடம் தனியாக, "கூட்டினு வந்து பூட்டி வெச்சா இன்னாடி பண்றது?" என்று கேட்டாள். அதே பயம்தான் எனக்கும். உனக்கும் வரும். ஜெரோம் மாமாவுக்கும் வரும். (மாமா என்று எழுதியிருக்கிறேன், சரிதானே?)

நாளைக்குக் காலை, கடைசி ஆடி வெள்ளி. ஸ்கூலில் கொடியேற்றி முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு நேராக அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவருடைய ஆட்டோதான். என்னை ஏன் கூட்டி வருகிறார் என்று தெரியவில்லை. வீடு அடையாளம் அவருக்குத் தெரியாது. எனக்கு விலாசம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் மனசில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதே. போன தடவை எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று எழுதினேன், ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இந்தத் தடவை என் பேச்சைக் கேட்டு வரவும் வேண்டாம், வராமல் இருக்கவும் வேண்டாம். ஆனால் கேட்டில் வேறு யாரையும் நிறுத்தாதே. வண்டிச் சத்தம் கேட்டதும் நீயே இறங்கி வந்து அவர் முகத்தைப் பார். பார்த்துவிட்டு ஏறு, அல்லது உள்ளே போ.

நான் பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

கோதை